வலி செல்லும் வழியும் அதனை மறிக்கும் முறையும்

உடலின் இழையங்கள் சிதைவுறும்போதும், சிதைவுறக்கூடிய நிலை நெருங்கும்போதும், அச்சிதைவோடு தொடர்புற்று எழுகின்ற உவப்பற்ற புலனுணர்வையும் உள்ளக் கிளர்ச்சியையும் ஒருங்கே வலி என்கிறோம். உலக வலி ஆய்வுக் கழகம் 1979ஆம் ஆண்டில் வகுத்து, 2020ஆம் ஆண்டில் திருத்தியமைத்த வரையறையின் பிழிவு இதுவாகும். இவ்வரையறைக்குள் நுண்ணிய பிரிவொன்று அடங்கியுள்ளது. புண்பட்ட இடத்தில் பிறந்து, நரம்பின் வழியே தண்டுவடம் நோக்கி விரைவது ஊறுச்செய்தி. அச்செய்தி மூளையை அடைந்து, விழிப்புநிலையில் உள்ள ஒருவரால் பட்டறியப்படும்போதே அது வலியாகிறது. ஆழ்துயில் மருந்தேற்று அறுவை மேடையில் கிடப்பவருக்கு வலி இல்லை. ஆயினும் கத்தி தோலைத் தொட்டவுடன் அவருடைய குருதியழுத்தம் ஏறுகிறது, நெஞ்சத் துடிப்பு விரைகிறது. உறங்குபவர் அறியாத செய்தியைத் தண்டுவடம் அறிந்துவிட்டது என்பதற்கு அவையே சான்று.

தண்டுவடம் அறிந்ததை எளிதில் மறப்பதில்லை. ஊறுச்செய்தி இடையறாது வந்து மோதுமாயின், அங்குள்ள நரம்பணுக்கள் கூர்மையடைந்து, மெல்லிய தொடுகையைக்கூட வலியென்று மேலே அனுப்பத் தொடங்குகின்றன. கிளிஃபோர்டு வுல்ஃப் என்னும் ஆய்வாளர் 1983ஆம் ஆண்டில் விளக்கிக் காட்டிய இந்நிலையை நடுநரம்புக் கூர்ப்பு எனலாம். ஆகவே துயிலூட்டுதல் ஒரு பணி, செய்தியை மறித்தல் மற்றொரு பணி என்று அறுவை மருத்துவம் இரண்டையும் பிரித்துக் காண வேண்டியதாயிற்று. அவ்விரண்டாம் பணியைச் செய்வதற்குரிய வழிகளுள் ஒன்று நரம்பு மறிப்பு. உடலின் ஒரு பகுதிக்குச் செல்லும் நரம்புகளின் அருகே மரப்பு மருந்தைச் செலுத்தி, அப்பகுதியிலிருந்து புறப்படும் செய்தி தண்டுவடத்தை எட்டாதவாறு சில மணிநேரம் தடுத்து நிறுத்துதல் அதன் பொருள். எடைக்குறைப்பு அறுவைக்குப் பின் இம்மறிப்பு எதைச் செய்யவல்லது, எதைச் செய்யமாட்டாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அறுவையை அறிவோம். ஒருவரின் எடையைக் கிலோகிராமில் கொண்டு, அதனை மீட்டரில் அளந்த உயரத்தின் இருபடியால் வகுக்கக் கிடைப்பது உடல்நிறை எண். இவ்வெண் 35ஐ எட்டியோருக்கும், 30ஐக் கடந்து நீரிழிவு முதலிய வளர்சிதைமாற்ற நோய்களை உடையோருக்கும் எடைக்குறைப்பு அறுவை தகும் என்று இத்துறையின் இரு பெருங்கழகங்கள் 2022ஆம் ஆண்டில் வரையறுத்தன. தமிழர் உள்ளிட்ட ஆசிய மாந்தருக்கு இவ்வெல்லை 27.5 அளவிலேயே தொடங்குகிறது. ஏனெனில் ஒரே உடல்நிறை எண்ணுக்கு நம்முடைய உடலில் சேரும் கொழுப்பும், அதனால் விளையும் நீரிழிவும் மிகுதி. அறுவைகளுள் இன்று மிகுதியாகச் செய்யப்படுவது குழலிரைப்பை அறுவை. இரைப்பையின் வெளிவளைவைச் சார்ந்த ஏறத்தாழ முக்கால் பங்கு வெட்டி நீக்கப்பட, எஞ்சிய பகுதி ஒடுங்கிய குழலாய் நிற்கிறது. மற்றொன்று மாற்றுவழி அறுவை. அதில் இரைப்பையின் மேற்பகுதி சிறு பையாகப் பிரிக்கப்பட்டுச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேரே இணைக்கப்படுகிறது. இரண்டுமே இக்காலத்தில் நுண்துளை முறையில் நிகழ்கின்றன. வயிற்றின் மேற்பாதியில், பெரும்பாலும் கொப்பூழுக்கு மேலே, 5 முதல் 15 மில்லிமீட்டர் அகலமுள்ள நான்கைந்து துளைகளை இட்டு, இதள் எனும் பாதரச அளவில் 12 முதல் 15 மில்லிமீட்டர் அழுத்தத்தில் கரிவளியைச் செலுத்தி வயிற்றறையை உப்பச் செய்து, ஒளிக்கருவியின் துணையால் உள்ளே பணி நடைபெறுகிறது.

துளை சிறிதாயின் வலியும் சிறிதே என்று கருதுவது இயல்பு. ஆனால் இவ்வறுவைக்குப் பின் எழும் வலி ஒன்றன்று, மூன்று. தோல், தசை, வயிற்றறையின் உள்ளுறை ஆகியவை துளைபட்டதால் எழுவது சுவர்வலி. அது கூரியது, இருமும்போதும் எழும்போதும் மிகுவது, நோயாளி விரலால் தொட்டுக் காட்டக்கூடியது. வெட்டி எடுத்த இரைப்பைத் துண்டை வெளிக்கொணர்ந்த அகன்ற துளையே பெரும்பாலும் முதலில் சுட்டிக்காட்டப்படும். இரைப்பை வெட்டித் தைக்கப்பட்டதால் எழுவது உள்ளுறுப்பு வலி. இடம் சுட்ட இயலாத, அழுத்துகின்ற, குமட்டலோடு கூடிய வலி அது. மூன்றாவது விந்தையானது. நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் இடைத்திரையைக் கரிவளி விரித்து உறுத்த, நோயாளியோ தோள்பட்டை வலிக்கிறது என்கிறார். இடைத்திரைக்குரிய நரம்பு கழுத்துத் தண்டுவடத்தின் மூன்று முதல் ஐந்து வரையுள்ள கண்டங்களினின்று பிறப்பது. தோள்மேல் தோலின் உணர்வும் அக்கண்டங்களுள் மேலிரண்டையே சேர்கிறது. மூளை இரண்டையும் ஒன்றெனக் கொண்டுவிடுகிறது. இதனை இடம்மாறு வலி என்பர். கருவில் இடைத்திரை கழுத்தருகே தோன்றிப் பின்னர்க் கீழிறங்கியபோது தன் நரம்பையும் உடன் இழுத்துக்கொண்டு வந்தது என்னும் வளர்ச்சி ஒழுங்கை அறிந்தோருக்கு, அறுவை மனையில் கேட்கும் இம்முறையீடு வியப்பளிக்காது.

மூன்று வலிகளையும் அடக்கவல்ல ஒரே மருந்து உண்டு. அது அபினிவழி வந்த மார்பினும் அதன் இனமும் ஆகும். பிற அறுவைகளில் தயங்காது கொடுக்கப்படும் அம்மருந்தை இங்கே அஞ்சிக் கையாள வேண்டியுள்ளது. எடைக்குறைப்பு அறுவைக்கு வருவோரில் பாதிக்கு மேற்பட்டோர் உறக்க மூச்சுத்தடை உடையோர். உறங்கும்போது அவர்களுடைய தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழி அடைபடும். குருதியில் உயிர்வளி குறைந்து கரிவளி மிகும். மூளை திடுக்கிட்டு விழிப்பூட்ட, மூச்சு மீளும். அவ்விழிப்பையே மார்பின் மழுக்கிவிடுகிறது. கரிவளி மிகுந்தாலும் மூச்சை விரைவுபடுத்தாத மூளையும், தளர்ந்த தொண்டையும் ஒன்றுசேரும் முதல் இரவே இந்நோயாளிகளுக்கு இடர் மிகுந்தது. மேலும் அம்மருந்து குமட்டலைத் தூண்டுவது. புதிதாகத் தைத்த இரைப்பையுடையவர் ஓங்கரிப்பதை எந்த அறுவையரும் விரும்பார். அம்மருந்து குடலியக்கத்தையும் தாழ்த்துவது. அமெரிக்காவில் கண்டதுபோல், அறுவைக்காகத் தொடங்கிய பழக்கம் பல திங்கள் நீளுமாறு ஒரு சிலரைப் பற்றிக்கொள்வதும் உண்டு.

வலியை அடக்காது விடுவதும் தகாது. பருத்த உடலில் வயிற்றின் சுமை இடைத்திரையை மேலே தள்ளுவதால், படுத்த நிலையில் நுரையீரலின் அடிப்பகுதி முன்னமே ஒடுங்கியிருக்கும். வலிக்கு அஞ்சி ஆழ மூச்சிழுக்காதவரின் நுரையீரல் மேலும் ஒடுங்கும். எழுந்து நடவாதவரின் கால்நாளங்களில் குருதி உறையும். அவ்வுறைவு பெயர்ந்து நுரையீரலை அடைப்பது இவ்வறுவைக்குப் பின் உயிர் குடிக்கும் கேடுகளுள் முன்னிற்பது. அறுவை முடிந்த அன்றே நோயாளியை எழுப்பி நடக்கச் செய்வது இக்கால நெறி. நடப்பதற்குப் போதுமான வலியடக்கமும், மூச்சை மழுக்காத மருந்தும் ஒருசேர வேண்டியிருந்ததாலேயே இத்துறையின் நோக்கு நரம்பு மறிப்பின்பால் திரும்பியது.

மறிப்பின் உள்ளியக்கத்தை அறிய, நரம்பிழையின் இயல்பை அறிய வேண்டும். ஓய்ந்திருக்கும் நரம்பிழையின் உட்புறம், வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் அளவுக்குக் குறைமின் நிலையில் உள்ளது. தூண்டல் ஏற்பட்டவுடன் இழையின் சவ்வில் அமைந்த சோடிய மதகுகள் திறக்க, மின்னூட்டமுற்ற சோடியத் துகள்கள் உள்ளே பாய்கின்றன. அவ்விடத்து மின்நிலை தலைகீழாகிறது. அம்மாற்றம் அடுத்த மதகைத் திறக்கிறது. அது அதற்கடுத்ததைத் திறக்கிறது. கால்வாயில் மடைக்கு மடை நீர் திறந்துவிடப்படுவது போன்ற இத்தொடர்ச்சியே நரம்புச்செய்தி. ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் இருவர் கணவாய் மீனின் பருத்த நரம்பிழையை ஆய்ந்து, இதனைக் கணக்கியல் வடிவில் 1952ஆம் ஆண்டில் நிறுவினர். ஊறுச்செய்தியைக் கொண்டு செல்லும் இழைகள் இருவகைப்படும். மெல்லிய உறையுடையவை நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வரை விரைந்து கூரிய முதல்வலியைத் தருகின்றன. உறையற்றவை நொடிக்கு 2 மீட்டரையும் தாண்டாது ஊர்ந்து, எரிகின்ற இரண்டாம் வலியைத் தருகின்றன. கால்விரல் கல்லில் இடிபட்டவர் இவ்விரண்டையும் தனித்தனியே அறிவார்.

மரப்பு மருந்து சோடிய மதகை அடைப்பது. ஆனால் வெளியிலிருந்து அடைப்பதன்று. உட்புறம் சென்று அங்கிருந்து அடைப்பது. இங்கே இயற்கை ஒரு சிக்கலை வைத்து, அதனைத் தானே தீர்த்தும் இருக்கிறது. மருந்தின் மூலக்கூறு மின்னூட்டமற்ற வடிவிலும் மின்னூட்டமுற்ற வடிவிலும் மாறிமாறி நிலவுகிறது. முதல் வடிவமே சவ்வின் கொழுப்பைக் கடக்கவல்லது. இரண்டாம் வடிவமே மதகைப் பற்றி அடைப்பதில் சிறந்தது. இயல்பான உடல்நீர்மத்தில் புபிவாகெயின் என்னும் மரப்பு மருந்தின் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு முதல் வடிவில் உள்ளது. அப்பங்கு சவ்வைக் கடந்து, உள்ளே சென்றபின் மின்னூட்டம் ஏற்று மதகை அடைக்கிறது. வெளியே குறைந்த பங்கை ஈடுசெய்ய எஞ்சியவற்றுள் சில மின்னூட்டம் இழந்து பின்தொடர்கின்றன. அழற்சியால் புளிப்பேறிய இழையத்தில் முதல் வடிவம் அருகிவிடுவதால் மருந்து அங்கே தோற்கிறது. சீழ்கொண்ட பல்லைப் பிடுங்க ஊசியிட்டும் மரக்கவில்லையே என்று பலர் வருந்துவதன் ஏது இதுவே.

இம்மருந்துகளின் வரலாறு வியன்னாவில் தொடங்குகிறது. கார்ல் கொல்லர் என்னும் இளம் கண்மருத்துவர் 1884ஆம் ஆண்டில் கொக்கெயின் கரைசலை முதலில் தவளையின் கண்ணிலும், பின்னர் முயல், நாய் ஆகியவற்றின் கண்ணிலும், முடிவில் தம் கண்ணிலும் விட்டு, குண்டூசித் தலையால் விழிவெண்படலத்தைத் தொட்டுப் பார்த்தார், ஊறு தோன்றவில்லை. ஹைடல்பெர்க் நகரில் கூடிய கண்மருத்துவர் அவைக்குச் செல்லப் பொருளின்மையால், அவருடைய கட்டுரையைப் பிறரொருவர் படித்துச் செய்து காட்டினார். அவ்வாண்டின் இறுதிக்குள்ளேயே நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்னும் அறுவையர் அதே கொக்கெயினை நரம்புத்தண்டுகளின் அருகே ஊசியால் செலுத்தும் முறையை வளர்க்கத் தொடங்கினார். தம்மீதே செய்துகொண்ட ஆய்வுகளால் அம்மருந்துக்கு அடிமையுமானார். அடிமைப்படுத்தாத புரோகெயினை ஐன்ஹார்ன் என்னும் வேதியியலார் 1904ஆம் ஆண்டில் உருவாக்கினார். 1943ஆம் ஆண்டில் சுவீடனில் லிடோகெயினும், 1957ஆம் ஆண்டில் அதே நாட்டில் நெடுநேரம் நிற்கும் புபிவாகெயினும் பிறந்தன. இந்நாளில் வயிற்றுச் சுவரை மறிக்கப் பயன்படுவன புபிவாகெயினும், அதன் இளைய உறவான ரோபிவாகெயினுமே.

இனி வயிற்றுச் சுவர். அதன் பக்கவாட்டில் மூன்று தசைகள் ஏடுகள்போல் அடுக்கப்பட்டுள்ளன: வெளியே புறச்சரிவுத்தசை, அதனடியில் அகச்சரிவுத்தசை, எல்லாவற்றுக்கும் உள்ளே குறுக்குத்தசை. நெஞ்சுத் தண்டுவடத்தின் கீழ்ப்பாதியிலிருந்து வரும் நரம்புகள் விலாவெலும்புகளைத் தொட்டுவந்து, அகச்சரிவுத்தசைக்கும் குறுக்குத்தசைக்கும் இடையேயுள்ள மெல்லிய தளத்தில் ஒருங்கே ஓடுகின்றன. ஒவ்வொரு நரம்பையும் தேடிக் குத்தத் தேவையில்லை. அத்தளத்தை மருந்தால் நிரப்பினால் போதும். இக்கருத்தை 2001ஆம் ஆண்டில் ரஃபி என்னும் மயக்கவியல் மருத்துவர் வெளியிட்டார். இடுப்பின் பின்புறத்து மூவிளிம்புப் பள்ளத்தைக் கைவிரலால் தடவியறிந்து, ஊசி தசையுறையைக் கடக்கும் மெல்லிய வெடிப்பைக் கையுணர்வால் கொண்டு அவர் மருந்தைச் செலுத்தினார். குறுக்குத்தசைத் தள மறிப்பு என்று நாம் அழைக்கத்தக்க இம்முறை சில ஆண்டுகளிலேயே மீயொலிக் கருவியின் கண்ணைப் பெற்றது.

இங்கே வழக்கமாக நேரும் பிழையொன்றைச் சுட்ட வேண்டும். இடுப்பின் பக்கவாட்டில் செலுத்தும் மருந்து கொப்பூழ் மட்டத்திற்குக் கீழேயே நன்கு மறிக்கிறது. மகப்பேற்று அறுவைக்கு அது பொருந்தும். எடைக்குறைப்பு அறுவையின் துளைகளோ கொப்பூழுக்கு மேலே உள்ளன. ஆகவே விலாவிளிம்பின் கீழே, வயிற்றின் நேர்த்தசைக்கும் குறுக்குத்தசைக்கும் இடையே செலுத்தும் விலாக்கீழ் மறிப்பே இங்கு உரியது. சில ஆய்வுகளில் தள மறிப்பு பயன் தரவில்லை என்று முடிவெழுதியோர் எந்த இடத்தில் செலுத்தினர் என்பதையும் உடன் நோக்கினாலன்றி அம்முடிவை ஏற்பதற்கில்லை என்பது என் கருத்து. விலாக்கீழ் மறிப்பிலும் ஒரு குறை உண்டு. நரம்பின் பக்கக் கிளைகள் அத்தளத்தை எட்டுமுன்பே பிரிந்து தோலுக்குச் சென்றுவிடுவதால், விலாவோரத்தில் இட்ட துளையின் வலி ஓரளவு தப்பிவிடக்கூடும்.

மீயொலித் திரையில் இச்செயல் எவ்வாறு தோன்றும் என்று காண்போம். மேலே வெண்கீற்றுகள் ஊடாடும் சாம்பல் நிறப் பட்டை கொழுப்பு. அதனடியில் நேர்த்தசை, அதற்கும் கீழே கருமையான ஒடுங்கிய பட்டையாய்க் குறுக்குத்தசை, அதன் கீழ் மூச்சோடு வழுக்கி அசையும் ஒளிக்கோடு வயிற்றறையின் உள்ளுறை. பக்கவாட்டில் சாய்த்து நுழைக்கப்பட்ட ஊசி ஒளிரும் கோடாய் இறங்குகிறது. நுனி உரிய தளத்தை எட்டியதென்று கருதியவுடன் மருத்துவர் மருந்தைச் செலுத்துவதில்லை. ஓரிரு மில்லிலிட்டர் உவர்நீரைச் செலுத்திப் பார்க்கிறார். நீர் தசைக்குள் பரவினால் திரையில் பட்டை வீங்கித் தெளிவிழக்கும். தளத்தில் பரவினால் இரு தசைகளும் விலகி, நடுவே கண்வடிவில் நீண்ட கரிய இடைவெளி ஒன்று விரியும். அவ்விடைவெளியைக் கண்டபின்னரே மருந்து செல்கிறது. அதுவும் சில மில்லிலிட்டருக்கு ஒருமுறை பின்னிழுத்து, குருதி வரவில்லை என்று உறுதிசெய்துகொண்டே செல்கிறது.

பருத்த உடலில் இக்காட்சி எளிதில் வாய்ப்பதில்லை. உயர் அதிர்வெண் ஒலி நுட்பமாகக் காட்டும், ஆனால் ஆழம் செல்லாது. தாழ் அதிர்வெண் ஒலி ஆழம் செல்லும், ஆனால் நுட்பத்தை இழக்கும். மற்றுமொரு மயக்கமும் உண்டு. மீயொலிக் கருவிகள் உடலெங்கும் ஒலி நொடிக்கு 1540 மீட்டர் விரைவில் செல்வதாகக் கொண்டு ஆழத்தைக் கணக்கிடுகின்றன. கொழுப்பிலோ அது ஏறத்தாழ 1450 மீட்டர் விரைவிலேயே செல்கிறது. ஆகவே 5 சென்டிமீட்டர் தடித்த கொழுப்பு திரையில் 5.3 சென்டிமீட்டராய்த் தோன்றும். குறுக்குத்தசையின் தடிப்பே சில மில்லிமீட்டர் என்பதால் அம்மூன்று மில்லிமீட்டர் புறக்கணிக்கத்தக்கதன்று.

இவ்விடர்ப்பாட்டிற்கு அறுவையர்கள் கண்ட விடை எளியது. வயிற்றறைக்குள் ஒளிக்கருவி முன்னமே உள்ளது. வெளியிலிருந்து ஊசியை நுழைத்து, உள்ளிருந்து நோக்கலாம். மருந்து உரிய தளத்தில் இறங்கினால் குறுக்குத்தசை முழுதும் பரந்த மேடாய் உட்புறம் நோக்கி மெல்லப் புடைக்கும். புடைப்பின்மேல் தசையிழைகள் தெரியும். ஊசி ஆழ்ந்துவிட்டாலோ உள்ளுறை மட்டும் கொப்புளம்போல் கூர்ந்து எழும். உடனே சிறிது பின்வாங்கிச் செலுத்தலாம். தனிக் கருவியும் தனி வல்லுநரும் வேண்டாத இம்முறை, செலவை எண்ணிப் பார்க்கும் மருத்துவமனைகளுக்கு உகந்தது.

மருந்தளவு இத்துறையின் நெருஞ்சி முள். தள மறிப்பு பரப்பை நிரப்புவது. ஆதலால் மிகுந்த நீர்மம் வேண்டும், வலப்புறம் 20 மில்லிலிட்டர், இடப்புறம் 20. எடுத்துக்காட்டாக 155 சென்டிமீட்டர் உயரமும் 115 கிலோ எடையும் உடைய பெண்ணொருவரைக் கொள்வோம். உடல்நிறை எண் ஏறத்தாழ 48. புபிவாகெயினைக் கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்று வைத்து முழு எடையால் பெருக்கினால் 230 மில்லிகிராம் வரும். ஆனால் கொழுப்பில் குருதியோட்டம் குறைவு. மருந்தை உடனே ஏற்றுத் தாங்கும் மூளையும் நெஞ்சாங்குலையும் எடையோடு சேர்ந்து பெருப்பதில்லை. எனவே அளவைத் தகுநிறைக்கே கணக்கிட வேண்டும். அவ்வுயரமுடைய பெண்ணின் தகுநிறை ஏறத்தாழ 48 கிலோ. கிடைப்பது 96 மில்லிகிராம். வழக்கமான 0.25 விழுக்காட்டுக் கரைசலில் 40 மில்லிலிட்டர் என்பது 100 மில்லிகிராம். அது எல்லையைக் கடந்துவிடுகிறது. 32 மில்லிலிட்டர் கரைசலோடு 8 மில்லிலிட்டர் உவர்நீர் சேர்த்து 0.2 விழுக்காடாக்கினால், அதே பரப்பு 80 மில்லிகிராமில் நிறைகிறது. அறுவையர் துளையோரங்களில் தம் பங்குக்கு மரப்பு மருந்தைச் செலுத்துவாராயின், அதுவும் இதே கணக்கில் சேரும். மயக்கவியலாரும் அறுவையரும் ஒருவர் அளவை மற்றவர் அறியாமல் செலுத்திவிடுவது உண்டாதலால், இருவரும் முன்னரே பேசிக்கொள்வது இன்றியமையாதது. குருதிநாளத்தின் வழியே லிடோகெயின் தொடர்ந்து செலுத்தும் முறையையும் மறிப்பையும் நான்கு மணிநேரத்திற்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கையாளலாகாது என்பது 2021ஆம் ஆண்டின் வல்லுநர் நெறி.

எல்லை கடந்தால் நிகழ்வதென்ன? விழித்திருப்பவருக்கு முதலில் வாயைச் சுற்றி மதமதப்பு, நாவில் மாழைச்சுவை, காதில் இரைச்சல், பின்னர் வலிப்பு. துயிலில் இருப்பவருக்கு இவ்வெச்சரிக்கைகள் மறைந்துபோக, நெஞ்சாங்குலையின் தடுமாற்றமே முதற்குறியாய் வெளிப்படும். புபிவாகெயினால் நின்ற நெஞ்சாங்குலையை மீட்பது அரிது என்று 1979ஆம் ஆண்டில் ஆல்பிரைட் என்னும் மயக்கவியலார் எழுப்பிய எச்சரிக்கை இத்துறையை உலுக்கிற்று. விடை 1998ஆம் ஆண்டில் எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. குருதிநாளத்தின் வழியே ஊட்டத்திற்காகச் செலுத்தப்படும் 20 விழுக்காட்டுக் கொழுப்புக் குழம்பு, எலிகளை இம்மருந்தின் நஞ்சிலிருந்து காப்பதை வைன்பெர்க் என்னும் மயக்கவியலார் கண்டறிந்தார். 2006ஆம் ஆண்டில் ஒரு நோயாளி அதனால் மீண்டதும் எழுதப்பெற்றது. 70 கிலோவுக்கு மேற்பட்டவருக்கு முதலில் 100 மில்லிலிட்டர் என்பது இன்றைய அளவு. கொழுப்பைக் குறைக்க வந்தவருக்குக் கொழுப்பே மாற்றுமருந்தாவதை மருந்தியலின் நகைமுரண் என்று கொள்ளலாம். மறிப்பு நிகழும் அறையில் அக்குழம்பு கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

இவ்வளவு ஒழுங்கோடு செய்தபின் கிடைக்கும் பயன் எது? முதல் நாளில் வலியளவு ஓரளவு தாழ்கிறது, மார்பின் தேவை குறைகிறது, குமட்டலும் குறைகிறது. ஆனால் துளையோரங்களிலேயே மரப்பு மருந்தைச் செம்மையாகச் செலுத்துவதோடு ஒப்பிட்டால், மறிப்பின் மேன்மை சில ஆய்வுகளில் தெளிவாகவும் சிலவற்றில் காணப்படாமலும் உள்ளது. இம்முரண்பாட்டுக்கு விடை நாம் தொடக்கத்தில் செய்த பாகுபாட்டிலேயே இருக்கிறது. தள மறிப்பு சுவர்வலியை மட்டுமே தொடுவது. இரைப்பையின் செய்தி வயிற்றுச் சுவரின் வழியே வருவதன்று. அது இரைப்பையைச் சூழ்ந்த தன்னியக்க நரம்பு வலைகளின் வழியே நெஞ்சுத் தண்டுவடத்திற்குச் செல்கிறது. தோளில் தோன்றும் வலியோ கழுத்தின் வழியே செல்கிறது. நோயாளி வலி பத்தில் ஆறு என்று சொல்லும்போது, அந்த ஆறு எந்த வழியே வந்தது என்று கேளாமல் மறிப்பு தோற்றது என்று எழுதுவது, மருந்து செல்லாத இடத்தில் மருந்தின் விளைவைத் தேடுவதாகும்.

உள்ளுறுப்பு வலியையும் மறிக்கும் முயற்சிகள் இருவகையாய் வளர்கின்றன. ஒன்று, முதுகெலும்பின் பக்கமுட்களின்மேல், நிமிர்தசையின் அடியில் மருந்தைச் செலுத்துவது. 2016ஆம் ஆண்டில் ஃபொரேரோவும் உடனாய்வாளரும் வெளியிட்ட முறை இது. அங்கிருந்து மருந்து முன்னோக்கிக் கசிந்து, நரம்பின் வேரையும் தன்னியக்கக் கிளைகளையும் தொடும் என்பது எதிர்பார்ப்பு. அக்கசிவு ஒரே சீராய் நிகழ்வதில்லை. ஒருவரிடத்தில் சிறந்து மற்றொருவரிடத்தில் தவறும் இம்மறிப்பைப் பற்றிய வழக்கு இன்னும் தீரவில்லை. பருத்த முதுகில் எலும்புமுனையைத் திரையில் காண்பதும் எளிதன்று. மற்றொன்று கொலம்பிய அறுவையர்கள் முன்வைத்தது. அறுவை நடக்கும்போதே ஒளிக்கருவியின் துணையால், இரைப்பையின் உள்வளைவைச் சார்ந்த கொழுப்பு மடிப்பினுள், அங்கு ஓடும் தன்னியக்க நரம்புகளைச் சூழ மருந்தைச் செலுத்துகின்றனர். குழலிரைப்பை அறுவைக்குப் பின் முதல் சில மணிநேரங்களில் உள்ளுறுப்பு வலியும் குமட்டலும் இதனால் தாழ்வதை அவர்களுடைய ஒப்பாய்வு காட்டியது. சுவருக்கு ஒரு மறிப்பு, இரைப்பைக்கு ஒரு மறிப்பு என்று வழிக்கு வழி மருந்து வகுக்கும் இந்நெறியே எனக்கு உகந்ததாய்த் தோன்றுகிறது.

மறிப்பின் வாழ்நாளை நீட்ட வந்தது கொழுப்புக்கூட்டில் அடைத்த புபிவாகெயின். 2011ஆம் ஆண்டில் அது அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நுண்கூடுகள் மெல்ல உடைந்து மூன்று நாள் வரை மருந்தை வழங்கும் என்ற எண்ணம் அழகியதே. ஆயினும் 2021ஆம் ஆண்டில் பல ஆய்வுகளை ஒருங்கே திரட்டி நோக்கியோர், விலை மலிந்த எளிய புபிவாகெயினைவிட நோயாளி உணரத்தக்க மேன்மை அதற்கில்லை என்றே கண்டனர். விலையுயர்ந்தது என்பதாலேயே ஒன்றை வாங்கும் பழக்கத்திற்கு மருத்துவமும் விலக்கன்று.

மறிப்பு தனித்து நிற்பதில்லை. அறுவைக்கு முன்னும் பின்னும் மணிக்கணக்கு தவறாது பாராசிட்டமால், துயிலூட்டும்போதே குமட்டலையும் அழற்சியையும் தணிக்க டெக்சாமெத்தசோன், குறுங்காலத்திற்கு அழற்சியடக்கி. மாற்றுவழி அறுவை செய்துகொண்டோர் இவ்வழற்சியடக்கிகளை வீட்டுக்குச் சென்றபின் மூட்டுவலிக்கென்று தாமாக வாங்கி விழுங்கலாகாது. இரைப்பையும் குடலும் இணையும் விளிம்பில் புண் தோன்றிக் குருதி ஒழுகும். மெல்லக் கரையும் வில்லைகளும் சுருக்கிய வழியில் உரியவாறு கரைவதில்லை. தோள்வலிக்கு மருந்தைவிட, அறுவை முடிவில் கரிவளியை முற்ற வெளியேற்றுவதும், நோயாளியை விரைந்து எழுப்பி நடத்துவதும் மிகுதியாய் உதவுகின்றன.

முதல் மறிப்பு எட்டு முதல் பன்னிரண்டு மணிநேரத்திற்குப் பின் தளரத் தொடங்கும். பெரும்பாலும் அது நள்ளிரவில் நேர்வதால், அதற்கு முன்பே அடுத்த பாராசிட்டமாலை ஏற்றிவிடுவது தேர்ந்த செவிலியரின் வழக்கம். உறக்க மூச்சுத்தடை உடையவருக்கு மூச்சுவளி அழுத்தக் கருவியைப் பொருத்தி, தலைப்பக்கத்தை உயர்த்தி, விரல்நுனியில் உயிர்வளி அளவியை இரவு முழுதும் விட்டுவைக்கின்றனர். மறிப்பு தளரும்போது துளைகள் எரிவது இயல்பு. அவ்வலி தொட்டுக் காட்டக்கூடியது, நடந்தால் மிகுந்து கிடந்தால் தணிவது. அதற்கு மாறாக, இடம் சுட்ட இயலாத வலி ஏறிக்கொண்டே போக, நெஞ்சத் துடிப்பு மணித்துளிக்கு 120க்கு மேல் சென்று இறங்காது நிற்குமாயின், அது துளையின் வலியன்று. இரைப்பையின் தையற்கோடு கசிவதன் குறியாக இருக்கலாம். வயிற்றுச் சுவரை மறித்த மருந்து இத்துடிப்பை மறைப்பதில்லை. அந்நிலையில் வலியடக்கியின் அளவைக் கூட்டாது, மாறுநிறநீர் கொடுத்து அடுக்குப்படம் எடுத்தோ, மீண்டும் நுண்துளை வழியே உள்ளே நோக்கியோ, தையற்கோட்டை முனைமுதல் முனைவரை ஆராய்கின்றனர்.